ஏரிக்கரையில் நின்ற வண்டி

கயலின் வீட்டை இடித்துப் பல வருடங்கள் ஆகியும், எங்கள் அலுவலகத்தில் அது இடியாமல் இருந்தது. அடையாறு ஆற்றோரம், பாலத்தை ஒட்டிய ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. வெள்ளம் வந்து போன மறுவருடம் அந்தச் சந்து முழுவதையும் வழித்தெடுத்துவிட்டு, குடும்பங்களை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் குடிசை மாற்று வாரியக் கட்டடங்களில் இறக்கினார்கள். ஆனால் எங்கள் ஆம்புலன்ஸ் செயலியைச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சந்துக்கு ஒரு வண்டி கிளம்பும். சரியாகப் போய்ச் சேரும். திரையில் பச்சை விழும்.

அலுவலகம் தி. நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் இருந்தது. எவர்சில்வர் குடங்களை உருட்டும் சத்தம் நாள் முழுவதும் தரை வழியாக ஏறி வரும். தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனம் ஒன்றுக்காக நாங்கள் அந்தச் செயலியை எழுதிக்கொண்டிருந்தோம். கயல் அங்கே டெஸ்டர். மற்றவர்கள் எழுதியதை உடைத்துப் பார்ப்பது அவள் வேலை. எனக்கு அடுத்த இருக்கை. அதிகம் பேசமாட்டாள். நானும் பேசமாட்டேன் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

செயலியின் வேலை எளிமையானது. நோயாளி இருக்கும் முகவரியைப் போட்டால், அது வரைபட நிறுவனம் ஒன்றின் கணினியிடம் "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்கும். பதிலாக வரும் புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் வண்டியை அனுப்பும். கைபேசி இருக்கும் இடத்துக்கே அனுப்பிவிடலாமே என்றால், கிண்டியில் வேலை செய்யும் மகன் வடபழனியில் விழுந்துவிட்ட அம்மாவுக்காக அழைப்பான். அதனால்தான் முகவரி.

சோதிக்கும்போது அந்தக் கேள்வியை இரண்டு விதமாகக் கேட்கலாம். உண்மையிலேயே வெளியே போய்க் கேட்பது லைவ். வெளியே போகாமல், முன்பு ஒருநாள் வாங்கி வைத்த பதிலையே மறுபடி மறுபடி எடுத்துக் கொடுப்பது மாக். மாக் வேகமானது. அதில் நிஜ வண்டி எதுவும் கிளம்பாது, திரையில் ஒரு புள்ளி மட்டும் நகரும். இணையம் விழுந்தாலும் விழாது. நேற்று சொன்னதையே இன்றும் சொல்லும். எங்கள் குழுத் தலைவர் கிஷோர் மாக்கைத் தவிர வேறு எதையும் அனுமதிக்கமாட்டார். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

கயல் சேருவதற்கு முன்பு, யாரோ ஒருவர் ஏதோ ஒரு முகவரியைப் போட்டுச் சோதனையை லைவில் ஓட்டிவிட்டார். செயலி தன் கடமையைச் செய்தது. கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களா வாசலில் சைரன் அலற வண்டி போய் நின்று, இரண்டு பேர் ஸ்ட்ரெச்சருடன் உள்ளே நுழைந்தார்கள். ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர், தனக்குத் தெரியாமல் தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நம்பி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். உண்மையாகவே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அதன்பிறகு வந்த சட்டம்: லைவ் கிடையாது. மாக்குக்கு வேண்டிய பதில்களை மட்டும் ஒரே ஒருநாள் உண்மையாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது.

அந்த ஒருநாளுக்காக எல்லோரும் தங்கள் வீட்டு முகவரியைத் தந்தோம். சொந்த வீடு என்றால் புள்ளி சரியாக விழுகிறதா என்று பார்த்தவுடன் தெரியும் என்பது கிஷோரின் யோசனை. நல்ல யோசனைதான். மயிலாப்பூர், மந்தைவெளி, அசோக் நகர் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். கயல் ஆற்றோரத்துப் பழைய முகவரியைச் சொன்னாள். கடைசியில் 'அடையாறு, சென்னை 20' என்று வரும் முகவரி.

"அடையாறா? நல்ல ஏரியா" என்றார் கிஷோர்.

வரைபடத்தில் அந்தச் சந்து இன்னும் அழியாமல் இருந்ததால் புள்ளி துல்லியமாக விழுந்தது. கயலும் தலையாட்டினாள்.

அவள் பொய் சொன்னதற்கும் ஒரு காரணம் இருந்தது. இதற்கு முன்பு ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தாள். ஒருநாள் மேலாளரின் கைபேசி காணாமல் போனது. பத்துப் பதினைந்து பேர் இருந்த அறையில், முதலில் பையைத் திறந்து காட்டச் சொன்னது அவளை. "நீ பெரும்பாக்கம் போர்டு வீடுதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னார்கள். கைபேசி மேலாளரின் காரிலேயே கிடந்தது. கயல் அந்த மாதக் கடைசியில் நின்றுவிட்டாள். எங்கள் அலுவலகத்தில் சேர்ந்தபோது அந்த ஊரின் பெயரை அவள் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. மாலையில் எங்களோடு நடந்து அடையாறு பஸ்ஸில் ஏறுவாள். அடையாறில் இறங்கி, வேறு பஸ் பிடித்து வீட்டுக்குப் போவாள். இதெல்லாம் பின்னால்தான் எனக்குச் சொன்னாள்.

அவள் அம்மா பச்சையம்மாவுக்கு அப்படி எந்தக் கூச்சமும் இல்லை. விடியும் முன் பஸ் ஏறி அடையாறில் நான்கு வீடுகளில் வேலை செய்துவிட்டு மதியம் திரும்புகிறவள். தன் மகள் ஆம்புலன்ஸ் ஆப் செய்கிறாள் என்பதை அந்தக் கட்டடத்தின் எல்லா மாடிகளிலும் சொல்லி வைத்திருந்தாள். எதிர்வீட்டுச் செண்பகத்தின் கைபேசியில் அவளே நின்று அதை இறக்கி, முகவரியையும் போட வைத்தாள். செண்பகத்தின் கணவர் மாசிலாமணி பெயின்டர். ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்தவர். மறுபடி வலித்தால் ஒரு நிமிஷம்கூட உட்கார்ந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"பட்டன அமுக்குனா வண்டி வாசல்ல வந்து நிக்கும், தெரிமா? என் பொண்ணு பண்ணது" என்றாள் பச்சையம்மா.

"அப்ப எமனுக்கும் ஒரு ஆப்பு பண்ணச் சொல்லுக்கா" என்றார் மாசிலாமணி. "லிஃப்ட்டு வேல செய்யல, கேன்சல் பண்ணிக்கோன்னு அவனுக்கு மெசேஜ் உட்டுர்லாம்."

"வாயக் கழுவு" என்று செண்பகம் அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஆம்புலன்ஸ் நிறுவனம் தன் வண்டிகளைப் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கமும் ஓட்டப்போவதாகச் சொன்னபோது, கயல் முதன்முறையாகச் சட்டத்தை மீறினாள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். வண்டி கிளம்பும் பகுதியை மட்டும் துண்டித்துவிட்டு, வரைபடக் கேள்வியை லைவில் கேட்டாள். தன் கட்டடத்தின் எண், மாடி, வீட்டு எண் எல்லாம் போட்டாள்.

புள்ளி ஏரிக்கரையில் விழுந்தது.

வரைபட நிறுவனத்துக்கு அந்தக் கட்டடங்களின் எண்கள் தெரியவில்லை. தெரியவில்லை என்று அது சொல்லவும் இல்லை. பெரும்பாக்கம் என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த ஊருக்குப் பொதுவாக ஒரு புள்ளியைக் கொடுத்து, ஓரத்தில் 'தோராயம்' என்று ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தது. எங்கள் நிரல் புள்ளியை எடுத்துக்கொண்டது. குறிப்பைப் படிக்கவில்லை. படிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எங்கள் மாக்கில் இருந்த எல்லாப் பதில்களிலும் 'துல்லியம்' என்றுதான் இருந்தது. ஆற்றோரத்துச் சந்துக்குக்கூட.

மாலைக் கூட்டத்தில் கயல் எழுந்தாள்.

"பெரும்பாக்கம் பக்கம் ஒரு முகவரி போட்டா தப்பா விழுது. ஏரி ஓரமா போய் விழுது."

"எப்படித் தெரியும்? லைவ் போனீங்களா?"

"ஒரே ஒருதடவ. டிஸ்பேட்ச்ச கட் பண்ணிட்டுத்தான்."

"கயல், கோபாலபுரம் தாத்தா கதை தெரியும்ல? திரும்பவும் ஒருத்தர் போய் எல்லார் கால்லயும் விழணுமா?" கிஷோர் சற்று நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, இறுக்கம் குறையட்டும் என்றுதான் நினைத்திருக்க வேண்டும், சிரித்தார். "ஏரிக்குள்ள யாருக்கு அட்டாக் வரப்போகுது? மீனுக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர், "கெளுத்திக்கு ஆக்சிஜன் வேணுமாம்" என்றார். இன்னும் சிரித்தார்கள்.

"சரி, சீரியஸாவே கேக்கறேன்" என்றார் கிஷோர். "அது யார் வீட்டு முகவரி?"

"தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்கன்னா? நெட்ல எடுத்ததா இருந்தா முகவரியே தப்பா இருக்கலாம். நம்ம டீம்ல யாராவது அங்க இருக்கீங்களா? இருந்தா சொல்லுங்க, அந்த முகவரியையும் இன்னிக்கே ரெக்கார்ட் பண்ணிடலாம். அஞ்சு நிமிஷ வேலை."

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கீழே பாத்திரக்கடையில் ஏதோ விழுந்து உருண்டு நின்றது. கயல் எதிரில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"யாரும் இல்லல்ல? அப்ப பின்னாடி பாத்துக்கலாம்" என்று கிஷோர் அதை அவசரமில்லாதவற்றோடு சேர்த்தார்.

அன்று வீட்டுக்குப் போனதும் கயல் அம்மாவிடம் சொன்னாள்.

"மா, செம்பகக்கா போன்ல அந்த ஆப் வேணாம். எடுத்துடச் சொல்லு. ஏதாச்சும்னா நூத்தியெட்டுக்கு அடிக்கச் சொல்லு."

"இன்னாத்துக்கு?"

"அது நம்ம ஏரியாவுக்குச் சரியா வராது."

பச்சையம்மா வெங்காயம் அரிவதை நிறுத்தினாள். "அடையாறுக்கு வருமா?"

"வரும்."

"நாம இருந்த எடத்துக்கு?"

"அங்கயும் வரும்."

"அங்க யாருடி கீறா இப்போ? நாயிகூட இல்ல." பச்சையம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "ஆளே இல்லாத எடத்துக்கு வருது, இத்தினி சனம் கீற எடத்துக்கு வராதா? நீதான பண்ண?"

"சரி பண்ணிடுவாங்கம்மா. அது வரைக்கும் வேணாம்னு சொல்லு."

"நான் இன்னான்னு சொல்றது? வூடு வூடா போய்ச் சொல்லிக்கினு வந்தேனே. இப்ப போய், நம்மள மாரி ஆளுங்களுக்கு அது வராதுன்னு என் வாயால சொல்லணுமா? நீயே சொல்லு."

மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று கயல் நினைத்தாள். மறுநாள் அவள் கிளம்பும்போது எதிர்க்கதவு சாத்தியிருந்தது. அதற்கடுத்த நாள் செண்பகம் படியில் எதிர்ப்பட்டாள். கையில் தண்ணீர்க் குடம், முகத்தில் சிரிப்பு. "இன்னா கயலு, வண்டி விடுற அம்மா, எங்க கிளம்பிட்டீங்கோ?" என்று கேட்டாள். கயலும் சிரித்துவிட்டு இறங்கினாள். மகள் சொல்லியிருப்பாள் என்று தாயும், தாய் சொல்லியிருப்பாள் என்று மகளும் இருந்தார்கள். அல்லது அப்படி இருந்ததாகத் தங்களுக்குச் சொல்லிக்கொண்டார்கள்.

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் அதில் புள்ளிகளாக நகரும். புதிய பகுதிகளைத் திறந்த வாரம், ஒருநாள் டீ வேளையில், தெற்கே ஒரு புள்ளி கிளம்பியது.

"பெரும்பாக்கம்! முதல் கால்!" என்று யாரோ கத்தினார். இரண்டு பேர் கை தட்டினார்கள். புள்ளி சாலையோடு நகர்ந்து, திரும்பி, நின்றது. 'வண்டி வந்து சேர்ந்தது' என்று பச்சையில் எழுத்து வந்தது.

"பாத்தீங்களா, ஓடுது" என்று கிஷோர் கயலைப் பார்த்துச் சொன்னார். குத்தலாக அல்ல, சந்தோஷமாகத்தான்.

கயல் டீயைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குக் கிட்டப் போனாள். அப்போது அவள் கைபேசி அடித்தது. பச்சையம்மா பேசிய சத்தம் எனக்கே கேட்டது.

"ஏய், மாசிலாமணி நெஞ்சப் புடிச்சிக்கினு வேர்த்துக் கொட்டிக்கினு கீறாருடி! செம்பகம் உன் ஆப்புல போட்டுட்டா. வண்டி வந்துடுச்சின்னு காட்டுது, கீழ ஒண்ணையும் காணோம்! எங்கடி வண்டி?"

கயல் கைபேசியை வைக்காமலே என் மேசைத் தொலைபேசியை எடுத்தாள். திரையில் இருந்த ஓட்டுநரின் எண்ணை அழுத்தினாள். அவர் பெயர் ஜான்.

"அண்ணா, நீங்க ஏரிக்கரையில நிக்கிறீங்க. வண்டியத் திருப்புங்க."

"லொகேஷன் இங்கதாம்மா காட்டுது. ஆளுங்கதான் யாரும் இல்ல. போன் பண்ணா ஒரு அம்மா மூணாவது மாடி, மூணாவது மாடின்னு அழுவுது. இங்க மாடியே இல்லியேம்மா."

"லொகேஷன் தப்பு. பஸ் நிக்கிற எடத்தத் தாண்டி உள்ள வாங்க. வரிசையா பெரிய பில்டிங் இருக்கும். தண்ணி டேங்க் பக்கத்துல லெஃப்ட்."

"அங்க எல்லாம் ஒரே மாரி இருக்கும்மா. நீங்க யாரு பேசறது, ஆபீஸா? உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"அது என் வீடுண்ணா!" கயல் கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. "நான் அங்கதான் இருக்கேன். பெரும்பாக்கத்துலதான் இருக்கேன். டேங்க்குக்கு அடுத்த பில்டிங். எங்கம்மா கீழ நிப்பாங்க, பச்சைப் புடவை. சீக்கிரம் போங்கண்ணா."

திரையில் புள்ளி திரும்ப ஆரம்பித்தது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார் ஜான்.

கிஷோர் திரையையும் கயலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'வந்து சேர்ந்தது' என்ற பச்சை எழுத்து அணையாமல் இருந்தது. வண்டி மறுபடி நகர்ந்தால் அதை அணைக்க வேண்டும் என்று நாங்கள் எழுதியிருக்கவில்லை.

லிஃப்ட் ஓடவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து மூன்று மாடி இறக்கினார்கள். மேடவாக்கம் தாண்டும்போது மாசிலாமணியின் மூச்சு நின்றது. முன்பே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஆஸ்பத்திரியில் செண்பகத்தின் தம்பி கேட்டார். டாக்டர், "அப்படிச் சொல்ல முடியாது" என்றார். பிழைத்திருக்கமாட்டார் என்றும் அவர் சொல்லவில்லை.

சாவு வீட்டில் செண்பகம் கயலின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ போன் பண்ணிக் கூட்டாந்தியே கண்ணு. இல்லன்னா அந்த வண்டியும் வந்திருக்காது. பெத்த பொண்ணு கணக்கா நின்னியே." சுற்றி இருந்தவர்களிடமும் அதையே சொன்னாள். பச்சையம்மா சுவரோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயும் மகளும் அன்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அதன் பிறகும் பல நாள் அப்படித்தான் இருந்ததாகக் கயல் சொன்னாள்.

அலுவலகத்துக்கு அவள் திரும்பி வந்த அன்று, அவள் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தது நடந்தது. டீ குடிக்கும்போது ஒருவர், "பெரும்பாக்கத்துலேர்ந்தா தினமும் வர்றீங்க? ரொம்ப தூரமாச்சே" என்றார். அவ்வளவுதான். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை.

கிஷோர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அன்னிக்கு ஏன் சொல்லல கயல்? நான் கேட்டேனே."

"கேட்டீங்க. அதுக்கு முன்னாடி சிரிச்சீங்க."

அவர் அவசரமில்லாதவற்றின் பட்டியலைத் திறந்து, பெரும்பாக்கத்தை முதலிடத்துக்கு நகர்த்தினார்.

நிரலைச் சரிசெய்ய ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. பதிலில் 'தோராயம்' என்று வந்தால் வண்டி கிளம்பும்போதே ஓர் ஆள் போனில் பேசி வழி கேட்டு, ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும். கயலின் உண்மையான முகவரியை மாக்கில் சேர்த்தார்கள். ஆற்றோரத்து முகவரியை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். அவளே எடுத்தாள். எல்லாச் சோதனைகளும் ஓடி முடிந்தன. முழுத் திரையும் பச்சை.

"முடிஞ்சது" என்றார் கிஷோர்.

"இல்ல" என்றாள் கயல். "இப்பவும் நாமளே எழுதி வச்ச பதிலத்தான் நாமளே படிச்சுக்கறோம். லைவ்ல பார்க்கணும். வண்டி வரணும்."

அவர் கோபாலபுரத்தைப் பற்றிப் பேசவில்லை. நிறுவனத்திடம் அனுமதி வாங்கி, ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி, சைரன் கூடாது என்று ஏற்பாடு செய்து, அவரும் எங்களோடு பெரும்பாக்கத்துக்கு வந்தார். பிற்பகல் நேரம். வெயிலில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. கயல் தன் கட்டடத்தின் அடியில் நின்று முகவரியைப் போட்டாள். உடனே போன் வந்தது. ஒரு பெண் குரல் வழி கேட்டது. கயல் சொன்னாள். பிறகு காத்திருந்தோம். கிஷோர் அந்த எட்டு மாடிகளையும், ஒன்றுபோலவே நின்ற மற்றக் கட்டடங்களையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி சத்தமில்லாமல் வந்து எங்கள் முன்னால் நின்றது. ஓட்டியது ஜான்தான். அவர் இறங்கவில்லை, கயலைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

ஆம்புலன்ஸைப் பார்த்ததும் மாடிகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. ஆட்கள் இறங்கி வந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு செண்பகம் வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. மூன்று மாடியும் ஓடி இறங்கியதில் மூச்சு வாங்கியது.

"யாருக்குக் கயலு? யாருக்கு இன்னா? உங்கம்மாவுக்கா?"

"யாருக்கும் ஒண்ணுமில்லக்கா" என்றாள் கயல். "வண்டி சரியா வருதான்னு... சும்மா வர வச்சுப் பார்த்தோம்."

செண்பகம் வண்டியைப் பார்த்தாள். அதன் சக்கரங்கள் நின்ற இடத்தைப் பார்த்தாள். அன்று நாற்காலியை இறக்கி வைத்த படிக்கட்டு அங்கிருந்து நான்கு எட்டு தூரம்கூட இல்லை.

"வந்துடுச்சே" என்றாள்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மெதுவாக மேலே ஏறிப் போனாள்.